வயல்மடையும் உயிரணுவும்



முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நான் அன்று தக்க விடை அளிக்கவில்லை. ஆசிரியன் ஒருவன் தர வேண்டிய விடையைத் தராமல் விட்டால், அது கடனாகவே நிற்கும். அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இந்தப் பேச்சு.

அது 1994ஆம் ஆண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் கற்பித்து வந்தேன். அன்று கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதி, அவற்றுக்கிடையே இரண்டு அம்புக்குறிகள் இட்டேன். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்பன அச்சொற்கள். “உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூல நூல் இருக்கிறது. வேண்டியபோது அதன் ஒரு பக்கம் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்படுகிறது. அந்தப் படியைப் பார்த்துப் புரதம் கட்டப்படுகிறது. மூல நூலில் புரதத்திற்கு உரிய பக்கங்கள் மிகச் சில. எஞ்சியவை பெரும்பாலும் குப்பை” என்று சொல்லி முடித்தேன். குப்பை என்னும் சொல் அக்காலத்தில் பலரும் எழுதிவந்த சொல்தான், நானாகப் படைத்ததன்று.

மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். “சார், கண்ணில் உள்ள அணுவிலும் ஈரலில் உள்ள அணுவிலும் ஒரே நூல்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கண் ஏன் ஈரலாகவில்லை? இது போதும், இத்தோடு நிறுத்து என்று அணுவுக்கு யார் சொல்கிறார்கள்?” என்று கேட்டாள்.

“பாடத்தில் உள்ளதை முதலில் படி அம்மா. இது பரீட்சைக்கு வராது” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காலையில் நாளிதழைப் பிரித்தேன். மருத்துவத்திற்கான நோபல் பரிசு விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு முதல்நாள் அறிவிக்கப்பட்ட செய்தி அதில் இருந்தது. அவர்கள் கண்டறிந்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது. மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துணுக்கு என்று அதற்குப் பொருள் கூறலாம். அது புரதம் எதையும் கட்டுவதில்லை. புரதம் கட்டும் வேலையைப் போதும் என்று நிறுத்துவதும் தணிப்பதுமே அதன் தொழில். இந்தக் கண்டுபிடிப்பு அச்சில் வெளிவந்தது 1993ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் என்பதையும் படித்தேன். என் மாணவி எழுந்து நின்ற வேளையில், அவளது கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி உலகில் அச்சாகிச் சில மாதங்கள் கடந்திருந்தன.

அச்செய்தியைப் படித்தபோது எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. என் தந்தையார் எங்கள் ஊர் ஆயக்கட்டில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். நம் பள்ளத்தாக்கின் நீர்ச் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். மேற்கே ஓடி அரபிக்கடலில் வீணே கலந்த பெரியாற்று நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895ஆம் ஆண்டில் அணை பயன்பாட்டுக்கு வந்தது. லோயர் கேம்பில் இறங்கும் நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை வளப்படுத்துகிறது. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் நம் உழவர்கள் பொங்கல் வைத்து அவரை நினைக்கிறார்கள். அது முற்றிலும் தகும்.

ஆனால் மலையிலிருந்து வந்த நீர் ஒவ்வொரு வயலிலும் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதைப் பென்னிகுயிக் தீர்மானிக்கவில்லை. அதனைத் தீர்மானித்தவர் மண்வெட்டியுடன் இரவில் வரப்பின்மேல் நடந்த நீர்பாய்ச்சி. நாற்று நட்ட வயலில் நீர் மிகுந்தால் பயிர் அழுகும். கதிர் முற்றிய வயலில் நீர் நின்றால் அறுவடை கெடும். ஆகவே மடையை எப்போது திறப்பது என்பதைப் போலவே எப்போது அடைப்பது என்பதும் முக்கியம். என் தந்தையார் இரண்டு கூடை மண்ணை வைத்து ஒரு மடையை அடைத்துவிடுவார். சில மடைகளை முழுவதும் அடைக்காமல், பாதி நீர் கசியுமாறு விடுவார். “தண்ணி விடுறவனைக் கும்பிடுவாங்க. அடைக்கிறவனை ஏசுவாங்க. ரெண்டும் இருந்தாத்தாண்டா நெல்லு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். உயிரணுவைப் பற்றி அவர் ஒன்றும் அறியார்.

இனி உயிரணுவுக்குள் செல்வோம். கண் ஏன் ஈரலாகவில்லை என்னும் வினாவுக்கு முதல் விடை, தலைமதகில் இருக்கிறது. எல்லா அணுக்களிலும் ஒரே நூல் இருப்பினும், எல்லாப் பக்கங்களும் எல்லா இடங்களிலும் படியெடுக்கப்படுவதில்லை. மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் வல்ல புரதங்கள் உண்டு என்பதைப் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான பிரான்சுவா ழாக்கோப், ழாக் மோனோ ஆகிய இருவரும் பாக்டீரியாவைக் கொண்டு 1961ஆம் ஆண்டில் விளக்கினர். அதற்காக 1965இல் நோபல் பரிசும் பெற்றனர். இவ்விடையையேனும் நான் அன்று கூறியிருக்கலாம். கூறாதது என் குறையே.

இரண்டாவது விடை வயல்மடையில் இருக்கிறது. அஃதாவது, படியெடுத்த பின்னரும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூல நூலிலிருந்து எழுதப்பட்ட படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அது அணுவின் உட்கருவை விட்டு வெளியே வந்து, புரதம் கட்டும் பட்டறையாகிய ரைபோசோமை அடைகிறது. வாய்க்காலில் வரும் நீரைப் போன்றது இத்தூது. அது பட்டறையில் எவ்வளவு காலம் வேலை செய்யலாம், எவ்வளவு புரதம் கட்டலாம் என்பதை அளவிட்டுக் குறைப்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.

இதனைக் கண்டறிந்த வரலாறு ஒரு புழுவிலிருந்து தொடங்குகிறது. மண்ணில் வாழும் அப்புழுவின் பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீளம் 1 மில்லிமீட்டர்தான். உடல் கண்ணாடி போன்று தெளிவாக இருப்பதால், அதன் அணுக்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணலாம். வளர்ந்த இருபாற்புழுவின் உடலணுக்கள் 959. சிட்னி பிரென்னர் என்னும் விஞ்ஞானி இப்புழுவை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். அவருக்கும், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருக்கும் 2002ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஹார்விட்ஸின் ஆராய்ச்சிச் சாலையில்தான் அம்ப்ரோசும் ரவ்கனும் இளைஞர்களாகப் பணியாற்றினர். அவர்களைக் கவர்ந்தவை வளர்ச்சியின் காலம் தவறிய புழுக்கள். லின்-4 என்னும் மரபணு பழுதுபட்ட புழு, தன் இளம்பருவத்தின் முதற்படியையே மீண்டும் மீண்டும் நடத்தியது, முதிரவே இல்லை. லின்-14 என்னும் வேறொரு மரபணு பழுதுபட்ட புழுவோ, முதற்படியைத் தாண்டிக் காலத்துக்கு முன்னரே அடுத்த படிக்குச் சென்றது. ஆகவே லின்-4 என்பது லின்-14ஐ அடக்கும் என்பது புலனாயிற்று. எவ்வாறு அடக்குகிறது என்பதே வினா.

இருவரும் தனித்தனி ஆராய்ச்சிச் சாலைகளை அமைத்துக்கொண்ட பின், அம்ப்ரோஸ் லின்-4ஐ ஆராய்ந்தார். ரவ்கன் லின்-14ஐ ஆராய்ந்தார். அம்ப்ரோசின் குழுவில் அவர் மனைவியார் ரோசலிண்ட் லீ, ரோண்டா பைன்பாம் ஆகிய இருவரும் பெரும்பங்கு ஆற்றினர். லின்-4 ஒரு புரதத்தைக் கட்டும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தனர். அம்மரபணு இருக்கும் இடத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தபோது, ஒரு புரதத்திற்கு வேண்டிய செய்தி அங்கே இல்லை என்பது தெரிந்தது. அகப்பட்டது 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு.

1992ஆம் ஆண்டில் இருவரும் தங்கள் எழுத்து வரிசைகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டனர். லின்-14இன் தூது ஆர்.என்.ஏ.யில், புரதச் செய்தி முடிந்த பிறகு வரும் வால் பகுதியை நோக்கினர். லின்-4 துணுக்குக்கு ஏற்ற சோடி எழுத்துகள் அவ்வாலில் ஏழு இடங்களில் இருந்தன. ஆர்.என்.ஏ.யில் நான்கு எழுத்துகள் உண்டு. ‘ஏ’ என்பது ‘யூ’வுடன் சேரும், ‘ஜி’ என்பது ‘சி’யுடன் சேரும். துணுக்கு தனக்கேற்ற சோடி எழுத்துகளைக் கண்டு வாலில் ஒட்டிக்கொள்கிறது. தூதின் வேலை நின்றுவிடுகிறது. வயல்மடையில் விழுந்த மண் இதுவே.

இரு கட்டுரைகளும் 1993 டிசம்பரில் ‘செல்’ என்னும் ஆராய்ச்சி இதழில் ஒன்றாக வெளிவந்தன. உலகம் பெரிதாக வியக்கவில்லை. இஃது ஒரு புழுவின் விந்தை வழக்கம் போலும் என்று பலரும் கருதினர். ஏழு ஆண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டில் ரவ்கனின் குழு அதே புழுவில் 21 எழுத்துகள் கொண்ட இரண்டாவது துணுக்கைக் கண்டது. அது பழுதுபட்டால் புழு மடியும். ஆதலின் ‘மரணம் விளைப்பது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளால் லெட்-7 என்று பெயர் பெற்றது. இத்துணுக்கை மற்ற உயிர்களிலும் தேடினர். ஈயில் இருந்தது. கடல் முள்ளெலியில் இருந்தது. மீனில் இருந்தது. மனிதனிலும் இருந்தது. எழுத்து மாறாமல் இருந்தது.

எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்துபோன உயிரினங்களில் ஒரு சொல் எழுத்து மாறாமல் நிற்குமாயின், அச்சொல் இன்றியமையாதது என்பதே பொருள். புழுவில் ஒன்றாக இருந்த லெட்-7, முதுகெலும்புள்ள உயிர்களில் ஒரு குடும்பமாகவே பெருகியுள்ளது. மனிதனின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழப் பன்னிரண்டு இடங்களில் இக்குடும்பத்தின் உறுப்பினர் எழுதப்பட்டுள்ளனர். 2001ஆம் ஆண்டில் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் இத்தகைய துணுக்குகளைப் பல உயிர்களில் டஜன் டஜனாகக் கண்டறிந்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் பெயரை வழங்கின. இன்று மனிதனுக்குரிய பட்டியலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. அவற்றுள் ஐயமற உறுதிப்பட்டவை சில நூறு. நம் புரத மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இவற்றின் மேற்பார்வையில் இயங்குகின்றன என்று கணக்கிட்டுள்ளனர்.

இத்துணுக்கு எவ்வாறு உருவாகிறது என்பதையும் சிறிது அறிந்துகொள்வோம். முதலில் உட்கருவில் நீளமான ஆர்.என்.ஏ. இழை ஒன்று எழுதப்படுகிறது. அதன் ஒரு பகுதி தன்மீதே மடிந்து, பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசியைப் போன்று வளைகிறது. டிரோஷா என்னும் நொதி அந்த ஊசியை இழையிலிருந்து வெட்டி எடுக்கிறது. ஊசி உட்கருவை விட்டு வெளியே வந்ததும், டைசர் என்னும் மற்றொரு நொதி அதன் வளைந்த தலையை வெட்டிவிடுகிறது. எஞ்சுவது ஏறத்தாழ 22 எழுத்துகள் கொண்ட இரட்டை இழை. அதில் ஓர் இழையை ஆர்கோநாட் என்னும் புரதம் ஏந்திக்கொள்கிறது. நீர்பாய்ச்சியின் கையில் உள்ள வயல் பட்டியல் போன்றது அவ்விழை. அதிலும் இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரையுள்ள சிறு பகுதியே முக்கியமானது. அதற்கு ‘வித்து’ என்று பெயர். தூதின் வாலில் அவ்வித்துக்கு ஏற்ற எழுத்துகள் இருந்தால் ஆர்கோநாட் அங்கே அமரும். தூது புரதம் கட்டுவது தடைப்படும். பின்னர்த் தூதே சிதைந்தழியும்.

வித்து ஏழே எழுத்துகள் என்பதால் ஒரு விளைவு உண்டு. ஒரு துணுக்கு ஒரு தூதை மட்டும் அடக்குவதில்லை. நூற்றுக்கணக்கான தூதுகளைச் சிறிது சிறிதாகத் தணிக்கிறது. அவ்வாறே ஒரு தூதின் வாலில் பல துணுக்குகள் அமர இடமுண்டு. ஒரே வித்தை உடைய துணுக்குகளை ஒரு குடும்பம் என்கிறோம். குடும்பத்தில் ஒருவர் இல்லாவிடினும் மற்றவர் அவர் வேலையைப் பார்த்துவிடுவர். இதனால்தான் ஒரு துணுக்கை மட்டும் நீக்கினால் பலவேளைகளில் வெளிப்படையான கேடு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் எல்லாத் துணுக்குகளையும் வெட்டித் தரும் டைசரையே சுண்டெலியில் நீக்கிப் பார்த்தனர். கரு தொடக்கத்திலேயே மடிந்தது.

முதுகெலும்புள்ள உயிர்களில் இத்துணுக்குகள் செய்யும் பணிக்கு ஓர் அழகிய சான்று, நம் நாட்டு மீன் ஒன்றில் கிடைத்தது. மீன்தொட்டிக் கடைகளில் நீல வரிகளோடு ஓடித் திரியும் சிறு மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரிக்குதிரை மீன் என்று அதனை அழைப்பர். இந்தியாவின் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் இயல்பாக வாழ்வது அது. கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன், அதனை முதலில் விவரித்து விஞ்ஞானப் பெயரிட்டார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் அது வளர்க்கப்படுகிறது. அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற முட்டைக்குள் வளர்வதே காரணம்.

முட்டை கருவுற்ற முதல் சில மணி நேரம், கரு தன் சொந்த மரபணுக்களைப் படிப்பதில்லை. தாய் முட்டைக்குள் சேர்த்து வைத்த தூதுகளைக் கொண்டே காலம் கழிக்கிறது; கட்டுச்சோற்றை உண்டு பயணம் செய்பவரைப் போல. பின்னர் அதன் சொந்த மரபணுக்கள் விழிக்கின்றன. அவ்வேளையில் தாயின் பழைய தூதுகள் விலக வேண்டும். விலகாவிடில் புதிய ஆணைகளும் பழைய ஆணைகளும் கலந்து குழப்பம் நேரும். விலக்குவது யார்? கருவில் முதலில் எழுதப்படுவனவற்றுள் ஒன்றாகிய மிர்-430 என்னும் துணுக்குக் குடும்பம். அன்டோனியோ ஹிரால்டெஸ், அலெக்சாண்டர் ஷியர் முதலியோர் டைசர் இல்லாத மீன் கருக்களை உருவாக்கினர். அவற்றில் மூளை ஒழுங்காக வடிவம் பெறவில்லை. அக்கருக்களுக்குள் மிர்-430ஐ மட்டும் செலுத்தியபோது மூளையின் வடிவம் பெரும்பாலும் சீராயிற்று. இது 2005ஆம் ஆண்டுச் செய்தி. தாய் தந்த நூற்றுக்கணக்கான தூதுகளை அத்துணுக்கே அகற்றுகிறது என்பதை 2006இல் காட்டினர். தவளையில் இக்குடும்பத்தின் உறவினர் மிர்-427. நம்மைப் போன்ற பாலூட்டிகளின் கருவணுக்களில் உள்ள மிர்-302 என்பதும் இவர்களுக்கு உறவே.

மற்றொரு சான்று செம்மறியாட்டில் உள்ளது. ஹாலந்தில் டெக்சல் என்னும் தீவின் பெயரால் வழங்கும் ஆட்டினம் ஒன்று உண்டு. அதன் தசை மற்ற ஆடுகளின் தசையைவிடத் திரண்டது. தசை மிகாமல் தடுக்கும் புரதம் மயோஸ்டாட்டின் என்பது. அப்புரதம் டெக்சல் ஆட்டில் பழுதுபட்டிருக்கும் என்று எண்ணினர். பார்த்தால் புரதச் செய்தியில் ஒரு பிழையும் இல்லை. பெல்ஜிய நாட்டு மிஷல் ழோர்ழின் குழுவினர் 2006இல் காரணத்தைக் கண்டனர். மயோஸ்டாட்டின் தூதின் வாலில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றத்தால், தசையில் நிறைந்திருக்கும் மிர்-1, மிர்-206 ஆகிய துணுக்குகள் அமர்வதற்கு அங்கே புதிதாக ஓர் இடம் ஏற்பட்டுவிட்டது. அவை அமர்ந்து மயோஸ்டாட்டினை அடக்கின. தடுப்பவர் அடங்கவே தசை பெருகியது. குப்பை என்று நான் ஒதுக்கிய இடத்தில் ஓர் எழுத்து மாறினால் ஓர் ஆட்டின் உருவமே மாறும் என்பதைக் கவனியுங்கள்.

நோயிலும் இத்துணுக்குகளுக்குப் பங்கு உண்டு. முதியோருக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், 13ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். அப்பகுதியில் புற்றைத் தடுக்கும் புரத மரபணு ஒன்று இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் தேடினர், அகப்படவில்லை. 2002ஆம் ஆண்டில் கார்லோ குரோச்சே, ஜார்ஜ் காலின் ஆகியோர் அங்கிருந்தவை மிர்-15, மிர்-16 என்னும் இரு துணுக்குகள் எனக் காட்டினர். அணுக்கள் அழிய வேண்டிய காலத்தில் அவற்றை அழியாமல் காக்கும் புரதத்தை இவை தணித்து வைத்திருந்தன என்பது பின்னர்த் தெரிந்தது. துணுக்குகள் தொலையவே, அழிய வேண்டிய அணுக்கள் பெருகின. மிர்-96 என்னும் துணுக்கின் வித்தில் ஓர் எழுத்து மாறியதால், ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் தலைமுறைதோறும் செவிப்புலன் குறைந்துவந்தது என்பது 2009இல் தெரியவந்தது.

நம் நாட்டு ஆராய்ச்சியாளரும் இத்துறையில் முன்னதாகவே புகுந்தனர். தில்லியில் உள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தார், மனிதனின் துணுக்குகள் சில எச்.ஐ.வி. வைரசின் செய்தியிலும் ஒட்டக்கூடும் என்று 2005இல் கணித்து எழுதினர். அவற்றுள் மிர்-29ஏ என்பது அவ்வைரசின் நெஃப் என்னும் புரதத்தைக் குறைப்பதைச் சோதனை வாயிலாக 2008இல் காட்டினர். ஆனால் துணுக்கு எப்போதும் நமக்குத் துணையாகவே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஈரலில் மிகுந்துள்ள மிர்-122ஐ ஹெபடைடிஸ்-சி வைரஸ் தனக்குக் கவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அத்துணுக்கை அடக்கினால் வைரஸ் குறைகிறது என்பதை நோயாளர்களிடமே சோதித்துப் பார்த்துள்ளனர். எனினும், மைக்ரோ ஆர்.என்.ஏ.யை அடிப்படையாகக் கொண்ட மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்ட ஒரு மருந்து, கடும் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. ஒரு மடையை அடைத்தால் நூறு வயலில் நீர் மாறும்போது, மருத்துவர் அஞ்சி அஞ்சித்தான் கைவைக்க வேண்டும்.

உவமை ஒன்றைச் சொன்னவன் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். என் தந்தையார் பயிரைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, அறிந்து மடையை அடைத்தார். துணுக்குக்கு அறிவு இல்லை, நோக்கமும் இல்லை. அணுவுக்குள் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. எழுத்து பொருந்திய இடத்தில் துணுக்கு நிற்கிறது. பொருந்தாத இடத்தில் நழுவுகிறது. அவ்வளவே. அவ்வாறு பொருந்தியவை பயன் தந்ததால், எத்தனையோ கோடித் தலைமுறைகளாக நிலைத்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.என்.ஏ.யில் புரதத்திற்கு உரியதல்லாத பகுதி முழுவதும் பயனுடையது என்று இன்றும் எவரும் நிறுவவில்லை. அதில் பயனற்றதும் இருக்கலாம். ஆராயுமுன் முழுவதையும் குப்பை என்று ஒதுக்கியதுதான் தவறு.

சென்ற ஆண்டு உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் அந்த மாணவியைச் சந்தித்தேன். அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு வணங்கினாள். மேல்நிலை வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது என்றாள். அவள் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பேருந்து வரும்வரை, நோபல் பரிசுச் செய்தியையும் புழுவையும் மீனையும் அவளுக்குச் சொன்னேன். “அன்று நீ கேட்டாயே அம்மா, அதற்குத்தான் இந்த விடை” என்றேன். அவள் சிறிது யோசித்தாள். “என்ன கேட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்லை சார். எல்லாரும் சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு” என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதன்பின் பேச்சு வரவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், வினா எழுப்பும் மாணவனை ஊக்குவிக்க வேண்டும் என்பதை நான் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றேன். வகுப்பில் வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்கவில்லை. விடை எனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்க, கேள்வியை அடைத்துவிட்டேன். அடைக்கக் கூடாத மடையை அடைத்தேன் என்பதே என் குற்றம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பாடநூலில் மைக்ரோ ஆர்.என்.ஏ.யைப் பற்றி ஒரு பத்தி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கலாம். ஒரு புழு ஏன் முதிரவில்லை என்று கேட்ட இருவரின் பொறுமையால் இவ்வளவும் தெரியவந்தது என்பதை நினைவில் வையுங்கள். வகுப்பு சிரித்தாலும் கேளுங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒரு நாள் ஒரு மாணவர் எழுந்து, நீங்கள் அறியாத ஒன்றைக் கேட்பார். “எனக்குத் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தேடுவோம்” என்று அப்போது சொல்லுங்கள். அதனைச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். நான் அதற்கு முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.